சோப்பம்மாவின் கையெழுத்து

இடது தோளில் தொடங்கிய வலி கழுத்தில் ஏறி, காதுக்குப் பின்னால் வந்து குந்திக்கொண்டது. மடிப்பு அக்கா நாற்காலியில் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். வலியும் கூடவே சாய்ந்தது. பத்தொன்பது வருஷமாக, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நாளைக்கு எண்ணூறு வீதம் உதறி மடிக்கிற தோள். வேலை நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும். சும்மா உட்கார்ந்தால் போதும், முனக ஆரம்பித்துவிடும்.

இன்றைக்குக் காலை ஒன்பதரையிலிருந்து சும்மாதான் உட்கார வைத்திருந்தார்கள்.

மூன்றாவது மாடி. நீளமான அறை. முன்னால் மேசை, மேசைக்குப் பின்னால் விசாரணைத் தலைவர். ஓய்வு பெற்ற நீதிபதி, காதில் மெஷின். இடது பக்கம் இன்ஷூரன்ஸ் மேற்பார்வை ஆணையத்து ஆட்கள், கட்டுக்கட்டாக ஃபைல். வலது பக்கம் பணத்தைத் தொலைத்த ஜனங்கள். கடைசி இரண்டு வரிசையில் சலவை ஆலைப் பெண்கள் பன்னிரண்டு பேர், அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ப்ளீச்சிங் வாசனை அவர்கள் கூடவே வந்திருந்தது. குளித்தாலும் போகாது அது.

அவர்கள் வந்த காரணம் சின்னக் கதைதான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலையில் நாற்பது பெண்கள். பன்னிரண்டு வருஷமாகச் சம்பளத்தில் பிடித்த பணம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போனது. வேலை செய்கிறவளோ, அவள் புருஷனோ செத்தால் வீட்டுக்கு மூன்று லட்சம் என்று பேச்சு. போன வருஷம் மடிப்பு அக்காவின் நாத்தனார் புருஷன், லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதன், ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். நாத்தனாரும் அதே ஆலையில் தொட்டிப் பக்கம் துணி அலசுகிறவள். பணம் கேட்டுப் போனாள். உங்கள் திட்டத்தை ரெண்டு வருஷம் முன்னாடியே மாற்றியாகிவிட்டது, இப்போது அது வெறும் சேமிப்பு, சாவுக்குப் பணம் கிடையாது என்றார்கள். அந்தச் சேமிப்பையாவது கொடு என்று அவள் கேட்பதற்குள் கம்பெனியே கதவைச் சாத்திக்கொண்டது. முதலாளிகள் எல்லாவற்றையும் தங்கள் கட்டடத் தொழிலில் போட்டு மூழ்கடித்திருந்தார்கள்.

கம்பெனி திருடியது யாருக்கும் ஆச்சரியமில்லை. திருடாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கே போயிருந்தது என்பதுதான் கேள்வி. திட்டத்தை மாற்ற அனுமதி கொடுத்தது ஆணையம். விசாரிக்காமல் கொடுத்தது என்று நிரூபித்துவிட்டால், ஆணையத்தின் பாதுகாப்பு நிதியிலிருந்து பழைய திட்டப்படி பணம் வரும். நாத்தனாருக்கு மூன்று லட்சம். எட்டு மாதமாக வாடகை கொடுக்க வழியில்லாமல், நர்ஸ் படிப்புப் படிக்கிற மகளோடு அண்ணன் வீட்டு முன்னறையில் பாய் விரித்துக் கிடக்கிற நாத்தனாருக்கு.

மனுவை அடித்துக் கொடுத்தவள் மடிப்பு அக்காவின் மகள். வக்கீல் ஆபீசில் நாலு வருஷமாக டைப்பிஸ்ட். மனுவின் உயிர்நாடி அதன் மூன்றாவது வரி: திட்டத்தை மாற்றச் சம்மதம் என்று எங்களில் யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அம்மா சொல்லி மகள் அடித்த வரி.

பதினொன்றே காலுக்கு அவர்கள் முறை வந்தது.

மடிப்பு அக்கா எழுந்து நின்றாள். ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணியது பாதி மறந்துபோனதில் பேச்சு நன்றாகவே வந்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் திட்டத்தை எப்படி மாற்றவிட்டீர்கள், பதினைந்து நிமிஷ நடையில் இருக்கிற ஆலைக்கு ஒருத்தராவது வந்து பார்த்தீர்களா, சம்பளம் வாங்கிக்கொண்டு காவல் காக்கிறவர்கள் கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தட்டினார்கள். தலைவர் காது மெஷினைச் சரிசெய்துகொண்டு குறிப்பு எழுதினார்.

ஆணையத்து வக்கீல் அடக்கமான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி, உதவியாளரிடம் கொடுத்து, அம்மாவிடம் காட்டுங்கள் என்றார்.

"சம்மதப் பட்டியல் இது. நாற்பத்தொரு கையெழுத்து. இதுல உங்க கையெழுத்து இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

மடிப்பு அக்கா பார்த்தாள்.

அவள் கையெழுத்து இருந்தது. நாத்தனாருடையது இருந்தது, கீழே ஒரு கோட்டோடு. இஸ்திரிக்காரியுடையது இருந்தது, இனிஷியலும் புள்ளியுமாக. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாடை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று கோழி கிளறினாற்போல. வெளியாள் பார்த்தால் நாற்பத்தொரு பேர் போட்டது என்றுதான் சொல்வான்.

நாற்பத்தொன்றும் அவள் போட்டது.

ஆலையில் அது ரொம்ப நாள் வழக்கம். தொட்டிப் பக்கம் நிற்கிறவர்களுக்கு எட்டு மணி நேரமும் கை ஈரம். கையில் வெடிப்பு, வெடிப்பில் சோடா. ஒருமுறை எல்லோரும் தொட்டதில் ஹாஜர் புத்தகமே ஊறிப்போய்க் கணக்கர் குதி குதியென்று குதித்தார். அன்றிலிருந்து, காய்ந்த கைக்காரி போட்டால் போதும் என்றாகிவிட்டது. மடிப்பு மேசைக்கு வருவதெல்லாம் சூடான இஸ்திரி உருளையில் வெந்து காய்ந்த துணி. அங்கே நிற்கிறவள் கைதான் காய்ந்த கை. ஹாஜர், சம்பளச் சீட்டு, சோப்பு அளவு, பூட்ஸ், எல்லாவற்றுக்கும் அவளே எல்லோருடைய கையெழுத்தையும் போடுவாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் கணக்கர் முறைப்பார் என்று ஆளுக்கொரு சாடை பழகியும் வைத்திருந்தாள். என் கல்யாணப் பதிவுக்கும் அக்காவையே கூட்டிட்டுப் போறேன் என்று ஒருத்தி சொல்ல, முதல் ராத்திரிக்கு மட்டும் நீயே போயிடு என்று இன்னொருத்தி சொல்ல, தொட்டிப் பக்கமே விழுந்து விழுந்து சிரித்த நாள் உண்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எட்டிப் பார்த்தாள். அத்தையின் பெயருக்குக் கீழே இழுத்திருந்த அந்தக் கோட்டைப் பார்த்தாள்; அத்தை ஒருநாளும் அப்படிக் கோடு இழுத்தவள் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். டைப்பிஸ்ட் பெண்ணுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எழுந்து, அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நகலை வெளிச்சத்தில் வைத்துப் படிக்கப் பத்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள், பதினைந்து நிமிஷம் என்றார்.

மாடிப்படித் திருப்பத்தில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், மகள் அம்மாவை நிறுத்தினாள்.

"நீ போட்டதா?"

"ஆமா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

மகள் சுவரில் சாய்ந்தாள்.

மடிப்பு அக்கா பொய் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகத் திரும்பியது. கையுறை கொடுத்த நாள். ஐந்து தாளைச் சேர்த்துக் கிளிப் போட்டு மேசையில் வைத்திருந்தார்கள். உருளையிலிருந்து விழுகிற ஒவ்வொரு கட்டுத் துணிக்கும் இடையில், நின்றபடியே ஐந்தையும் போட்டுத் தள்ளினாள். மேலே இருந்த தாளில் கையுறை என்று இருந்தது. அடியில் இருந்ததை யார் படித்தார்கள்?

மகள் வாயைத் திறந்தபோது குரல் வக்கீல் ஆபீஸ் குரலாக இருந்தது. மூணாவது வரி இப்போது பொய்ச் சாட்சி ஆகிவிட்டது. நாற்பது பேர் கையெழுத்தை ஒருத்தி போட்டது கள்ளக் கையெழுத்து, அதற்கு ஜெயில் இருக்கிறது. ஆனால் ஆணையத்து வக்கீலுக்கு இது தெரியாது, அவர் நிஜக் கையெழுத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். படிக்காமல் போட்டுவிட்டோம் ஐயா என்று எல்லோர் சார்பிலும் சொல்லிவிட்டால் மனு தள்ளுபடியாகிப் போகும், ஆனால் அம்மா தப்பிப்பாள்.

"மனு போனா உங்க அத்தைக்கு?"

மகள் கையிலிருந்த நகலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில், பட்டியலுக்குக் கீழே, ஆணையத்து அதிகாரி ஒருவர் முத்திரை குத்தி எழுதியிருந்தார். ஆலைக்கு நேரில் சென்று, கையெழுத்திட்ட நாற்பத்தொரு பேரையும் தனித்தனியே விசாரித்தேன், அனைவரும் மனமொப்பிச் சம்மதித்தனர்.

"நாப்பத்தொண்ணா? நீங்க நாப்பது பேருதானேம்மா?"

மடிப்பு அக்கா தாளை வாங்கினாள். விரலை மேலிருந்து கீழே இறக்கினாள். பதினேழாவது பெயரில் விரல் நின்றது. அங்கேயே நின்றது.

"என்னம்மா?"

"சோப்பம்மா."

சோப்புத் தூள் அளந்து போடுகிறவள். ஆஸ்பத்திரித் துணிக்குள் மறந்து விட்டுப்போன ஊசி ஒன்று அவள் உள்ளங்கையில் ஏறியது. கை வீங்கி, காய்ச்சல் வந்து, ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் தடிமனான கையுறையே வந்தது, அவள் செத்து இரண்டு மாதம் கழித்து. பாக்கிச் சம்பளம் தீராததால் பட்டியலில் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார்கள். பெயர் இருந்தால் ஒரு ஜோடி கையுறை கூடுதலாகக் கிடைக்கும், யாருக்காவது கிழிந்தால் ஆகும் என்று மடிப்பு அக்கா அந்த இடத்திலும் போட்டாள். ஐந்து தாளிலும் போட்டாள்.

மகள் முத்திரைத் தேதியைப் பார்த்தாள். சோப்பம்மா செத்ததாக அம்மா சொன்ன மாதத்திலிருந்து விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"செத்தவங்களை நேர்ல பாத்து விசாரிச்சேன்னு எழுதியிருக்கான்," என்றாள். "வரவே இல்லம்மா அவன். ஆபீஸ்ல உக்காந்து எழுதியிருக்கான்."

இருவருக்கும் புரிந்துவிட்டது. ஆணையத்தைப் பிடிக்க இதைவிடக் கெட்டியான பிடி கிடைக்காது. ஆனால் அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்று அடுத்த நிமிஷமே கேட்பார்கள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு படியேறி வந்தாள். ஒன்றை அண்ணிக்கும் ஒன்றை மருமகளுக்கும் நீட்டினாள். அந்த ஆள் காட்டிய காகிதம் என்ன என்று கேட்டாள். பதிலுக்கும் காத்திருக்கவில்லை. கம்பெனிக்காரன் கள்ளக் கையெழுத்துதானே போட்டிருப்பான், போட்டவன் கை விளங்காமல் போகட்டும், அவன் குடும்பம் என்னை மாதிரி நடு வீதியில் நிற்கட்டும் என்று, கோபமே இல்லாமல், கிலோ என்ன விலை என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

மடிப்பு அக்கா டீயை வாங்கிக்கொண்டாள். குடிக்காமலே டம்ளரைத் தண்ணீர் கேன் மேல் வைத்தாள்.

மகள் அத்தைக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

உள்ளே போனார்கள். தலைவர், பார்த்தீர்களா அம்மா என்றார்.

"பாத்தேன் ஐயா. இந்தக் கையெழுத்து நாப்பத்தொண்ணும் நான் போட்டது."

ஆணையத்து வக்கீல் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். மடிப்பு அக்கா பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும். காய்ந்த கை, ஈரக் கை, கையுறைத் தாள், ஒரே கிளிப்பில் ஐந்து தாள் எல்லாவற்றையும் சொன்னாள். மனுவில் இருக்கிற மூன்றாவது வரி தப்பு, அது என் மகள் தப்பில்லை, நான் மறந்ததால் வந்தது என்றாள். பிறகு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"பதினேழாவது பேரு, அவ செத்து ரெண்டு மாசம் கழிச்சு நான் போட்டது. உங்க ஆபீசர் அவளை நேர்ல பாத்து விசாரிச்சேன்னு எழுதியிருக்கார். அவர் என்ன கேட்டார், அவ என்ன சொன்னான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க ஐயா. எங்களுக்கும் அவ குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். ஆணையத்து ஆட்கள் ஒருத்தர் ஃபைலை ஒருத்தர் இழுத்தார்கள். அந்த அதிகாரி இப்போது பதவி உயர்ந்து வேறு பிரிவில் இருப்பதாக ஒரு குரல் வந்தது. எந்தப் பிரிவில் என்று தலைவர் கேட்டார். பாலிசிதாரர் குறைதீர்ப்பு என்றார்கள்.

"இறந்தவங்க பேருக்கும் எதுக்கும்மா போட்டீங்க?"

"ஒரு ஜோடி கையுறை கூடக் கிடைக்கும்னு, ஐயா."

தலைவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை அந்த அதிகாரி தன் பயணக் குறிப்பேட்டோடு நேரில் வரவேண்டும். அதே நாள் மற்ற முப்பத்தொன்பது பெண்களும் வந்து, ஒவ்வொருத்தரும் தலைவர் முன்னால் கையெழுத்துப் போட்டு, பட்டியலில் உள்ளது தங்களுடையது இல்லை என்று சொல்லவேண்டும். இப்படித் தலைவர் உத்தரவு எழுதினார். பேனாவை மூடிவிட்டு, அம்மா சொன்னது எல்லாம் பதிவாகிறது, அது அவளுக்கு எதிராகவும் நிற்கும், புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது, எழுதிக்கொள்ளட்டும் என்றாள் மடிப்பு அக்கா.

வெளியே வந்தபோது சலவைப் பெண்கள் வாசற்படியில் கும்பலாக நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை, யாரும் விலகியும் போகவில்லை. கடைசியில் இஸ்திரிக்காரிதான் வாயைத் திறந்தாள். இனிமேல் கை ஈரமாக இருந்தால் கட்டை விரலாவது வைத்துக்கொள்கிறேன் அக்கா, நீ சிரமப்படாதே என்றாள். குத்தலா, சமாதானமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

நாத்தனார் பஸ்ஸில் அண்ணி பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிறுத்தம், அப்படியே.

வீட்டில் பாய்லர்காரர் காலை ஷிப்ட் முடித்து வந்திருந்தார். மடிப்பு அக்காவின் புருஷன், அதே ஆலையில் கொதிகலன் பார்க்கிறவர். வெப்பத்தில் கிடந்து கிடந்து பேச்சே வற்றிப்போன மனுஷன். மகள்தான் நடந்ததைச் சொன்னாள். கையுறைத் தாளில் சேர்த்து வைத்து வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் நிமிர்ந்தார்.

"நீலக் கிளிப் போட்ட கட்டா?"

கிளிப் என்ன நிறம் என்று மகளோ வேறு யாருமோ சொல்லவில்லை. மடிப்பு அக்கா புருஷனைப் பார்த்தாள். அந்தக் கட்டைத் தன் மேசையில் கொண்டுவந்து வைத்தது யார் என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை. அவர் முகம் கழுவ எழுந்து பின்பக்கம் போய்விட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

முன்னறையில் நாத்தனார் பாயில் உட்கார்ந்திருந்தாள். புடவை கூட மாற்றவில்லை. மடிப்பு அக்கா நிலைப்படியில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவள்தான்.

அதற்குள் நாத்தனாரே பேசினாள். காலையில் கை விளங்காமல் போகட்டும் என்று சொன்னது தெரியாமல் சொன்னது, அதை மனசில் வைக்காதீர்கள் என்றாள். அண்ணி வேண்டுமென்றே செய்யவில்லை என்பது தனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதும் தெரியும் என்றாள். வியாழக்கிழமை முதல் ஆளாகப் போய் அது தன் கையெழுத்து இல்லை என்று சொல்லப்போவதாகவும் சொன்னாள். அது அண்ணியை மாட்டிவிடும் என்று தெரிந்தேதான் சொல்வதாகச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"சொல்லு," என்றாள் மடிப்பு அக்கா. "சொல்லத்தான் வேணும்."

"இன்னொண்ணு இருக்கு அண்ணி. அதையும் இப்பவே பேசிடலாம், மனசுல வச்சுக்கிட்டு ஒரே வீட்டுல சோறு திங்க என்னால முடியாது." நாத்தனார் எழுந்து நின்றாள், சமமாக. "ஆணையம் குடுத்தா அவங்ககிட்ட வாங்கிக்கிறேன். அவங்க குடுக்கலைன்னா, அந்த மூணு லட்சம் நீங்க எனக்குத் தரணும்."

மடிப்பு அக்காவின் மாதச் சம்பளம் பதினோராயிரம்.

"தரணும்," என்றாள். "மூணு லட்சம். நான் உனக்குத் தரணும்."